லிட்டருக்கு 15: காணாமல் போன மைலேஜைத் தேடிய நாலு மாதக் கணக்கு

“ரவுண்டா போட்டுடட்டுங்களா சார்?”

டேங்க் நிரம்பி நாசில் கிளிக் என்று நின்றதும் எங்கள் கோயம்புத்தூர் பங்க்குகளில் அடுத்து வரும் கேள்வி இதுதான். மீட்டர் 2,820 ரூபாய் காட்டும். இன்னும் 80 ரூபாய்க்கு விட்டால் 2,900 ஆகிவிடும், சில்லறைத் தொல்லை இல்லை. இத்தனை வருடமும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். 2025 ஆகஸ்டிலிருந்து, “வேண்டாங்கண்ணா, முதல் கிளிக்கிலேயே நிறுத்திடுங்க” என்று சொல்கிறேன்.

காரணம் ஒரு பழைய டைரி. 2022 நவம்பர், டிசம்பரில் ஆறு முறை டேங்க் நிரப்பியதை அதில் குறித்து வைத்திருந்தேன்: தேதி, ஓடிய தூரம், ஊற்றிய லிட்டர். மொத்தத்தில் லிட்டருக்கு 17 கி.மீ. வந்திருக்கிறது. இப்போதும் அதே வண்டிதான், 2017இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பாதையும் அதேதான், நீலம்பூரிலிருந்து ரேஸ் கோர்ஸ் வரை அவினாசி சாலையில் போக வர சுமார் 30 கி.மீ. ஆனால் ஜூலையில் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தபோது 14, 15 என்றுதான் வந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “எத்தனால் சார், எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.”

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலால் குறையும் என்பது சரி. எவ்வளவு குறையும், மீதிக்கு என்ன காரணம் என்பதை அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் அளவுகோலைச் சரிபார்த்தது

மைலேஜ் என்பது தூரத்தை லிட்டரால் வகுப்பது. கணக்கு சுலபம். ஆனால் தூரம், லிட்டர் இரண்டிலுமே பிழை ஒளிந்திருக்கிறது.

தூரத்தை முதலில் பார்த்தேன். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவினாசி தாண்டி சேலம் நெடுஞ்சாலையில் போனோம். ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, இருபது கல் கழித்து அவன் படித்துச் சொன்னான்: 20.5. திரும்பி வரும்போதும் அதேதான். அதாவது என் ஓடோமீட்டர் இரண்டரை சதவீதம் கூட்டிச் சொல்கிறது. இதில் தேய்ந்த டயருக்கும் பங்கு உண்டு. 165/80 ஆர்14 டயரின் விட்டம் புதிதில் சுமார் 620 மி.மீ. பட்டன், அதாவது தரையில் உரசும் மேல் ரப்பர், 5 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 10 மி.மீ. போய்விடும், அது 1.6 சதவீதம். சக்கரம் சின்னதாகிவிட்டது என்று வண்டிக்குத் தெரியாது. சுற்றுகளை எண்ணி, பழைய சுற்றளவால் பெருக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, டயர் தேயத் தேய மைலேஜ் கொஞ்சம் கூடின மாதிரி தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

பழைய டைரிக் கணக்கும் இதே ஓடோமீட்டரில் போட்டதுதான். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓடோமீட்டர் எண்ணையே வைத்துக்கொண்டேன். அந்த டைரி காலத்தில் டயர் இவ்வளவு தேயவில்லை. அப்படிப் பார்த்தால் உண்மையான இழப்பு நான் போடும் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

அடுத்து லிட்டர். இங்கேதான் பெரிய பிழை. நாசிலின் நுனிக்கு அருகில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பாயும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்கில் பெட்ரோல் ஏறி ஓட்டையை அடைத்ததும் காற்று நின்றுபோய், உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு டயாஃப்ரம் இழுபட்டு விசையை விட்டுவிடும். அதுதான் கிளிக். நுரை பொங்கினால் முன்கூட்டியே கிளிக் ஆகும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், நாசிலை எவ்வளவு ஆழமாக நுழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். அதற்கு மேல் ரவுண்ட் பண்ணுவது வேறு. என் வண்டியில் முதல் கிளிக்குக்குப் பிறகு இன்னும் ஒன்றரை லிட்டருக்கு மேல் இறங்கும். கழுத்து வரை நிரப்புவது வண்டிக்கும் நல்லதில்லை. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விட்டால் அது கெட்டுப்போகும்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி: ஒரே பங்க், முடிந்தவரை அதே பம்ப், முதல் கிளிக்கில் நிறுத்தம், பில்லில் உள்ள லிட்டரை இரண்டு தசமம் வரை எழுதுவது. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், கூடக் கிடைக்கும் என்று என் அப்பா இன்றும் சொல்வார். 10 டிகிரி வித்தியாசத்துக்கு பெட்ரோலின் கன அளவு ஏறக்குறைய 1 சதவீதம் மாறும் என்பது உண்மை. ஆனால் பங்க்கின் தொட்டி தரைக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் அப்படி ஏறி இறங்காது. நேரத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

மூன்று டேங்க், மூன்று விதமான எண்

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் நடு வரை மூன்று முறை நிரப்பினேன். முதலில் 412 கி.மீ., 27.9 லிட்டர். அடுத்தது 388 கி.மீ., 23.6 லிட்டர். மூன்றாவது 431 கி.மீ., 29.8 லிட்டர். வகுத்தால் 14.8, 16.4, 14.5.

இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அன்று மழை. வழக்கமான பம்பில் வரிசை நின்றதால் பக்கத்து பம்பில் போட்டேன். நுரை பொங்கி, சீக்கிரமே கிளிக் ஆகிவிட்டது. அப்போது 1.8 லிட்டர் குறைவாக இறங்கியிருந்தால், அந்த 1.8 அடுத்த முறை கூடுதலாக இறங்கியிருக்கும். திருத்திப் போட்டால் இரண்டுமே 15.3, 15.4 என்று ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் பிழையில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. நடுவில் ஒரு முறை குறைத்து நிரப்பினால் அடுத்த முறை தானாக ஈடாகிவிடும். மூன்று டேங்கையும் சேர்த்துக் கூட்டினால் முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும்தான் மிஞ்சும். ஒரே டேங்கில் 1 லிட்டர் தவறு என்பது மூன்றரை சதவீதம். ஐந்து டேங்க், 140 லிட்டர் என்று சேர்த்துப் பார்த்தால் அதே 1 லிட்டர் 0.7 சதவீதம்தான். அதனால் ஒரு டேங்கை வைத்துக்கொண்டு “இந்த பங்க் பெட்ரோல் நல்லா இருக்கு, அந்த பங்க் மோசம்” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நானும் அப்படிப் பேசியவன்தான்.

மூன்றையும் கூட்டினேன்: 1,231 கி.மீ., 81.3 லிட்டர். லிட்டருக்கு 15.1.

இங்கிருந்து கணக்கைத் திருப்பிப் போட்டேன். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பார்க்காமல், 100 கி.மீ. போக எத்தனை லிட்டர் என்று. 2022இல் 5.88 லிட்டர், இப்போது 6.60. வித்தியாசம் 0.72 லிட்டர். கோளாறு தேடும்போது இந்த முறைதான் உதவும். ஏனென்றால் எல்லா இழப்பும் லிட்டராக ஒன்றோடொன்று கூடுகிறது. ஒரு கோளாறு 100 கி.மீ.க்கு 0.4 லிட்டரைக் குடிக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டியில் அது 18.5 என்று பளிச்செனத் தெரியும். லிட்டருக்கு 10 கொடுக்கும் பெரிய வண்டியில் 9.6 என்று ஆகும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இரண்டிலும் வீணாவது அதே 0.4 லிட்டர்.

எத்தனாலின் பங்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21. பத்து சதவீதம் கலந்தால் 30.9, இருபது சதவீதம் கலந்தால் 29.8. டைரி எழுதிய 2022 இறுதியில் 10 சதவீதக் கலப்பு, இப்போது 20 சதவீதம். இரண்டுக்கும் இடையே மூன்றரை சதவீதம் குறைவு. 17 கொடுத்த வண்டி 16.4 கொடுக்க வேண்டும். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில் பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று இருக்கிறது. அது கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட வண்டிகளுக்கான மதிப்பீடு.

சரி, எத்தனாலுக்கு 0.22 லிட்டரை எழுதினேன். மீதி அரை லிட்டர் எங்கே போகிறது? எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டிருந்தால் இந்த அரை லிட்டரைத் தேடியே இருக்க மாட்டேன்.

டயர், ஃபில்டர்

காற்று பார்த்தேன். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது மூன்று சக்கரங்களில் 27, 28. பின் இடதில் 24. நாலையும் 33க்கு ஏற்றினேன். சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. எனக்கு 6 பிஎஸ்ஐ குறைவு, அதாவது 1.2 சதவீதம், 100 கி.மீ.க்கு 0.08 லிட்டர். எதிர்பார்த்ததைவிடச் சின்னது. ஆனாலும் டயர் ஓரம் தேயாமல் இருப்பதற்காகவே இதைச் செய்ய வேண்டும்.

ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தது. மாற்றினேன், ஆனால் மைலேஜுக்காக இல்லை. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கலவை கெட்டியாகிக் குடித்தது நிஜம். இன்ஜெக்ஷன் வண்டியில் எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து, அதற்கேற்பத்தான் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் விடுகிறது. காற்று குறைந்தால் இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவாக மாறாது.

உருட்டிப் பார்த்தது

இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்வேன். பெட்ரோலே சம்பந்தப்படாத சோதனை இது. சமமான, நேரான, ஆளில்லாத சாலை வேண்டும். வண்டியை 65க்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டு, 60இலிருந்து 40க்கு இறங்க எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைக்கக் கூடாது, பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங்கும் வேலை செய்ய வேண்டும். காற்றும் லேசான சரிவும் ஏமாற்றும் என்பதால் போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

அன்னூர் பக்கம் விடியற்காலையில் ஆறு முறை ஓட்டினோம். சராசரி 25 நொடி. டயர் காற்றைச் சரி செய்த பிறகு எடுத்தது இது. 25 நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளையாக மச்சானிடம் அதே மாடல் வண்டி இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை வாங்கி, அதே சாலையில், அதே இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டினோம். 30 நொடி.

ஐந்து நொடி வித்தியாசம். வேகம் 20 கி.மீ. குறைவது என்றால் நொடிக்கு 5.56 மீட்டர் குறைவது. எங்கள் இருவரோடு வண்டியின் எடையை, சுழலும் சக்கரங்களுக்கும் கொஞ்சம் சேர்த்து, 1,120 கிலோ என்று வைத்தேன். 30 நொடியில் அவ்வளவு வேகம் குறையும் வண்டியைத் தடுக்கும் விசை 208 நியூட்டன். 25 நொடிக்கு 249. என் வண்டியில் மட்டும் 41 நியூட்டன் கூடுதலாகப் பிடிக்கிறது. நாலு கிலோ எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. யாரோ ஒருவர் பின்னாலிருந்து அந்த அளவுக்கு வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வருகிறார்.

41 நியூட்டனை 100 கி.மீ. தூரத்துக்குத் தள்ள 4.1 மெகாஜூல் வேண்டும். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்தால் லிட்டருக்கு ஏழரை மெகாஜூல், ஆக 0.55 லிட்டர். நான் தேடிக்கொண்டிருந்த அரை லிட்டர் இதோ என்று அன்றைக்குத் துள்ளிக் குதித்தேன். அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

இடது முன் சக்கரம்

எஞ்சினுக்கு வெளியே வண்டியைப் பிடித்து இழுப்பது டயராக இருக்கலாம், அலைன்மென்டாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம், பிரேக்காக இருக்கலாம். பிரேக் என்றால் சூடு காட்டிக் கொடுக்கும். 20 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைச் சக்கரத்துக்கு நேரே பிடித்தால் அது மனித உடம்புக்கு மேலான சூட்டைக் காட்ட மறுத்தது. பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு ரிம்மின் நடுவிலும் தெளித்தேன். மூன்றில் அப்படியே வழிந்தது. இடது முன் சக்கரத்தில் சட்டென்று காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்க்க வேண்டாம், டிஸ்க் கையைப் பொசுக்கிவிடும்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவரிடம் தொழிலுக்கான இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தது. இன்னொரு சுற்று போய் வந்து பார்த்தோம். வலது முன் டிஸ்க் 58 டிகிரி. இடது 121.

“ஏங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கவே இல்லீங்களா?” என்றார். இழுத்திருக்கலாம். தினமும் ஓட்டும் கைக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை வேலை. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தோம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் முக்கால் சுற்றோடு நின்றது. பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. காலிப்பர் இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், பின் துருவேறி இறுகியிருந்தது. மிதியை விட்டதும் பிஸ்டன் பின்வாங்குகிறது, ஆனால் காலிப்பர் நகர முடியாமல் ஒரு பேடை டிஸ்க்கோடு உரச வைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கப் பேட் 7 மி.மீ. மிச்சம், மறுபக்கம் 3. பேடைக் கையில் எடுத்ததுமே அண்ணன், “ஒரு பேட் மட்டும் தேஞ்சிருந்தா பின் தாங்க” என்று சொல்லிவிட்டார்.

பின்னை முறுக்கி முறுக்கி வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தார். புதுப் பின், புது உறை, அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகிவிடும். பிஸ்டனை உள்ளே அழுத்தும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும், நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும். வலது பக்கத்தை நான் செய்தேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்தப் பக்கப் பின்கள் நன்றாகவே நகர்ந்தன. சுத்தம் செய்து புது கிரீஸ் மட்டும் போட்டேன். பேட் இரண்டு பக்கமும் மாற்றினோம். வண்டியை நகர்த்தும் முன் மிதியை நாலைந்து முறை மிதித்து இறுகவைப்பதை மறக்கவே கூடாது. முதல் மிதி அப்படியே தரை வரை போகும்.

மொத்தச் செலவு 2,650 ரூபாய். மறுநாள் காலை அன்னூர் சாலையில் மறுபடி ஆறு முறை ஓட்டினோம். சராசரி 30 நொடி.

பாலம் வந்து குழப்பியது

இனி டேங்க் கணக்கில் தெரிய வேண்டும். அக்டோபர் 9ஆம் தேதி அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்துவிட்டார்கள். என் அலுவலகப் பாதையே மேலே போய்விட்டது. ஹோப் காலேஜ், நவ இந்தியா, லட்சுமி மில்ஸ் என்று நின்று நின்று போன இடமெல்லாம் ஒரே ஓட்டம். ஊருக்கு நல்லது. என் சோதனைக்குச் சிக்கல். மைலேஜ் கூடினால் பிரேக்கால் கூடியதா, பாலத்தால் கூடியதா?

அக்டோபர் முழுக்கக் கீழ்ச்சாலையிலேயே போனேன். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை, தினம் இருபது நிமிடம் தாமதம். கீழேயும் கூட்டம் குறைந்துவிட்டது என்பதால் இதுவும் சுத்தமான ஒப்பீடு இல்லை. இரண்டு டேங்க்: 776 கி.மீ., 49.0 லிட்டர், 100 கி.மீ.க்கு 6.31. நவம்பரிலிருந்து பாலத்தில் மூன்று டேங்க்: 1,126 கி.மீ., 69.4 லிட்டர், 6.16.

பாலம் 0.15 லிட்டர் மிச்சம் பிடித்துத் தந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டே டேங்கில் 1 லிட்டர் நிரப்பல் பிழை வந்தால் அதுவே 0.13. அதனால் பாலத்தைப் பற்றி இந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல மாட்டேன். பிரேக்கைப் பற்றிச் சொல்ல முடிவதற்குக் காரணம் டேங்க் கணக்கு மட்டும் இல்லை, உருட்டிப் பார்த்த அந்த 25-30 நொடி தனியாகச் சாட்சி சொல்கிறது.

ஐந்து டேங்கும் சேர்ந்து 1,902 கி.மீ., 118.4 லிட்டர்: 6.22. லிட்டருக்கு 16.1. பழைய 6.60இலிருந்து 0.38 இறங்கியிருக்கிறது. டயரும் பிரேக்கும் சேர்ந்து 0.6க்கு மேல் இறங்க வேண்டும் என்று போட்ட கணக்கு ஏன் தவறியது?

ஒரு வாரம் யோசித்த பிறகு பிடிபட்டது. கால் பங்கு என்பது எஞ்சினின் சராசரித் திறன். எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும், உள் உராய்வுக்கும், காற்றை உள்ளே இழுக்கவும் செலவழிக்கும் பெட்ரோலும் அதில் அடங்கியிருக்கிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. அதற்கு மேல் வரும் கூடுதல் சுமைக்கு எஞ்சின் இன்னும் திறமையாகவே பெட்ரோலை மாற்றுகிறது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அப்படிப் போட்டால் 4.1 மெகாஜூலுக்கு 0.4 லிட்டர் சுற்றித்தான் வரும். கிடைத்ததும் அதை ஒட்டித்தான். 2022 எண்ணுக்கும் இதற்கும் மீதமுள்ள இடைவெளி 0.34, அதில் 0.22 எத்தனால். பாக்கி 0.12 நிரப்பல் பிழைக்குள் அடங்கிவிடும்.

வால்பாறையில் சராசரி

நவம்பர் நடுவில் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறில் டேஷ்போர்டு சராசரியைப் பூஜ்யமாக்கினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, 40 கி.மீ. தள்ளி வால்பாறையில் பார்த்தால் 11.2. அங்கே மறுபடி பூஜ்யமாக்கி, மறுநாள் இறங்கி ஆழியாறு வந்தபோது 31.

“சராசரி 21 வந்திருக்கே!” என்று மகள் சந்தோஷப்பட்டாள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தாள். நோட்டில் எழுதிக் காட்டினேன். ஏறும்போது 40ஐ 11.2 ஆல் வகுத்தால் 3.57 லிட்டர். இறங்கும்போது 1.29. மொத்தம் 4.86 லிட்டரில் 80 கி.மீ., அப்படியானால் 16.5. நகரத்தில் 12, நெடுஞ்சாலையில் 20, சராசரி 16 என்று சொல்வதும் இதே தவறுதான். சம தூரம் ஓடினால் அது 15. லிட்டரைத்தான் கூட்ட வேண்டும், கிலோமீட்டரை அல்ல.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 750 மீட்டர் ஏற்றம். நாலு பேரோடு 1,200 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 8.8 மெகாஜூல், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல். சமதளத்தில் இதே தூரத்துக்கு இரண்டரை லிட்டர் போதும், மேலே போன அந்த ஒரு லிட்டர் மலைக்கு.

இறக்கத்தில் பலரும் நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் இசியூ பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெட்ரோலும் மிச்சம், அந்த வளைவுகளில் பிரேக்கும் சூடாகாது.

டேஷ்போர்டு எண் ஒப்பிட மட்டும்தான். ஐந்து டேங்க் முழுக்க அது 17.1 என்றது, நிஜத்தில் 16.1. விளம்பரத்தில் வரும் ‘ஆராய்’ (ARAI, வண்டிகளைச் சோதிக்கும் ஆய்வு நிறுவனம்) எண்ணும் இப்படித்தான். உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி இல்லாமல், இருபது நிமிடத்தில் பத்தரை கிலோமீட்டர் ஓட்டி, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் எடுப்பது அது. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஓட்டுவதால் இரண்டு மாடல்களை ஒப்பிட நல்லது. நம் சாலையில் அதை எதிர்பார்ப்பது சரியில்லை.

மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறேன். 0.38 லிட்டர் வீதம் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 2025 டிசம்பர் விலையில் 345 ரூபாய் மிச்சம். அந்த 2,650 ரூபாய் எட்டு மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் பேட் 3 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதுதான் அன்றைக்கு இரவு என்னைத் தூங்கவிடவில்லை. நவம்பரில் அதே காலிப்பரோடுதான் வால்பாறை போயிருப்போம்.

டிசம்பர் 14, ஓடோமீட்டர் 64,480, டேங்க் ஃபுல், முதல் கிளிக். அடுத்து ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடும் டேங்குகளைத் தனிப் பக்கத்தில் எழுதப் போகிறேன். பின் டிரம் பிரேக்கை இன்னும் திறக்கவில்லை. பொங்கல் விடுமுறையில் அண்ணன் நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.